பூங்காவுக்கு ஒரு பெயர்: திருமலைக் கலிங்கு முதல் திருமுருகன்பூண்டி வரை

ஆரணியை அடுத்த திருமலை, தமிழ்ச் சமணர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் பலமுறை வணங்கும் தலம். குந்தவை ஜினாலயத்தைத் தொழுது, 16 அடி உயர நேமிநாதரைச் சிகாமணிநாதர் என்று போற்றித் திரும்புவோர், அம்மலையின் அடிவாரப் பாறையில் உள்ள ஒரு சிறிய கல்வெட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முதலாம் இராசராச சோழனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ பொ.ஆ. 1005இல், அது வெட்டப்பட்டது. குணவீர மாமுனிவர் என்னும் சமணத் துறவி ஏரிநீருக்கு ஒரு கலிங்கு அமைத்தார்; வைகைத் திருமலையின் இருபுறமும் நெல் விளைய அது துணைநின்றது. அந்தக் கலிங்குக்கு அவர் இட்ட பெயர் 'கணிசேகர மருபொற்சூரியன்' என்பது. அது கலைகளில் வல்லவராகப் போற்றப்பட்ட ஓர் ஆசிரியரின் பெயர்.

செய்தி சிறிதுதான். ஆயினும், பொதுவிடங்களுக்குப் பெயரிடும் வரலாற்றில் அதற்கு ஒரு தனியிடம் உண்டு. கலிங்கை அமைத்தவர் துறவி. பயன் கொண்டவர்கள் உழவர்கள். பெயர் பெற்றவர் ஆசிரியர். கட்டியவர் தம் பெயரைக் கலிங்குக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. அரசன் பெயரையும் சூட்டவில்லை. கல்வியில் சிறந்த ஒருவருக்குச் செலுத்த வேண்டிய நன்றியை, ஊராருக்கு நீர் தரும் ஒரு கட்டுமானத்தின் பெயராக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆசிரியரை இன்று அறிய முடிவதற்கு அந்தப் பெயரே காரணம்.

இன்று கொங்கு நாட்டின் பின்னலாடை நகரங்களில் புதிய குடியிருப்புகள் பெருகுகின்றன. அங்கெல்லாம் புதிய பூங்காக்களும் தோன்றுகின்றன. ஒவ்வொரு பூங்காவும் திறக்கப்படும் முன் ஒரு வினா எழுகிறது: இதற்கு என்ன பெயர் வைப்பது? அவ்வினாவுக்கு விடை தேடுவோருக்குத் திருமலைக் கலிங்கு ஒரு தொடக்கம்.

சோலைகளின் பழம்பெயர்கள்

'பூங்கா' என்னும் சொல் பூவும் காவும் சேர்ந்தது. 'கா' என்றால் சோலை. பொழில், தண்டலை, சோலை, வனம் என்று தமிழில் அதற்குப் பெயர்கள் பல. ஆயினும் குறிப்பிட்ட ஒரு சோலைக்குத் தனிப்பெயர் சூட்டும் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதற்கு மணிமேகலை சான்று தருகிறது. மலர் கொய்ய எங்குச் செல்லலாம் என்று பேசும் இடத்தில், புகார் நகரத்துச் சோலைகள் ஐந்து பெயர் சுட்டப்படுகின்றன: இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம். இவற்றுள் சம்பாதி வனமும் கவேர வனமும் அங்கே இருந்தவர்களின் பெயரால் அமைந்தவை. ஆகவே, சோலைக்கு ஒருவர் பெயரை இடுவது அயல்நாட்டார் கற்றுத்தந்த பழக்கமன்று.

சிலப்பதிகாரத்தில் கவுந்தி அடிகள் உறைந்ததும் புகாருக்கு வெளியே ஒரு சோலைப்பள்ளியில்தான். மரநிழலும் துறவோர் பள்ளியும் தமிழகத்தில் இணைந்தே இருந்தன. தீர்த்தங்கரர்களை அவர்கள் கேவல ஞானம் பெற்ற மரங்களோடு சேர்த்தே சமண மரபு நினைவுகூர்கிறது. ஆதிநாதருக்கு ஆலமரம், மகாவீரருக்குச் சால மரம். மரத்தை நினைத்தால் அறவோரை நினைக்கலாம் என்னும் இந்த உணர்வு, ஒரு பூங்காவின் பெயரைச் சிந்திக்கும்போது கைவிடத்தக்கதன்று.

கொடுத்தவர் பெயரும் கொண்டவர் பெயரும்

கொடையாளர் பெயரை எழுதுவது தவறு என்று சமண மரபு ஒருபோதும் கருதியதில்லை. கரூருக்கு மேற்கே புகழூரில் உள்ள ஆறுநாட்டான் மலையில், தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட சேரர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவிக்காக, இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது குகையில் உறைவிடம் செதுக்கித் தந்த செய்தியை அவற்றுள் ஒன்று கூறுகிறது. மற்றொன்று, கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவர் தந்த கற்படுக்கையைக் குறிக்கிறது. அரசகுமாரனும் வணிகனும் ஒரே மலையில், ஒரே அளவு அடக்கத்தோடு தம் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

அக்கல்வெட்டுகள் கொடுத்தவரையும் கொண்டவரையும், கொடுத்த பொருளையும் சேர்த்தே சொல்கின்றன. யாருக்காக, எதற்காக என்னும் காரணம் பெயரோடு பிணைந்திருக்கிறது. அதனால்தான் 1,700 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை வரலாற்றுச் சான்றுகளாக நிற்கின்றன. காரணம் பிரிந்துபோன பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கொங்கு நாடே காட்டுகிறது.

பழனிக்கு அருகே ஐவர்மலை என்றொரு குன்று உள்ளது. பாண்டவர் ஐவரும் அங்கு வந்து தங்கினர், ஆதலால் அது ஐவர்மலை என்று ஊரார் சொல்வர். ஆனால் அம்மலையில் சக ஆண்டு 792இல், அதாவது பொ.ஆ. 870இல், பாண்டியன் வரகுணன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு, அவ்விடத்தைத் 'திருவயிரை' என்றே அழைக்கிறது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், அங்குள்ள பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் துறவியரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்த செய்தி அதில் உள்ளது. அயிரை மலை என்னும் பெயரின் பொருள் மறைந்தபோது, ஒலியால் நெருங்கிய 'ஐவர்' அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. மலையில் வரிசையாக நிற்கும் தீர்த்தங்கரர் உருவங்கள் மாறவில்லை. அவற்றைப் பார்ப்பவர்கள் கேட்ட கதை மாறிவிட்டது.

பெருந்துறைக்கு அருகே உள்ள சீனாபுரத்தின் நிலையும் இதுவே. அங்கே ஆதிநாதர் கோயில் உள்ளது. ஜினபுரம் என்பதே திரிந்து சீனாபுரம் ஆயிற்று என்பது சமணர் வழக்கு. பேருந்துப் பலகையில் அப்பெயரைப் படிக்கும் ஒரு சிறுவனுக்குச் சீன நாடு நினைவுக்கு வருமே அன்றி, ஜினர் நினைவுக்கு வரமாட்டார். யாரும் திட்டமிட்டு அழித்ததன்று இது. காரணத்தைச் சொல்வோர் குறைந்தபோது பெயர் தானே கைமாறியது. கொங்கு நாட்டில் கோயில் இருக்கும் ஊர்களில்கூடச் சமணக் குடிகள் அருகிவிட்ட நிலையில், பெயர்களே எஞ்சிய சாட்சிகள். அவையும் பேசாமற் போனால் கேட்க வேறு சாட்சி இராது.

தி. நகரில் மறைந்த தியாகராயர்

தற்காலத்தில் பூங்காவுக்குப் பெயரிட்ட வரலாற்றை அறியச் சென்னைத் தியாகராய நகர் சிறந்த எடுத்துக்காட்டு. 1920களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டு, திட்டமிட்ட குடியிருப்பாக அந்நகர் உருவாயிற்று. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் 1925இல் மறைந்தார். நகருக்கு அவர் பெயர் அமைந்தது. நகரின் நடுவே அமைந்த பூங்காவுக்குச் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் இராமராய நிங்காரின் பெயர் சூட்டப்பட்டது. மற்றொரு பூங்காவுக்கு, திராவிடர் சங்கத்தை நிறுவியவரும் பிறசாதியார் மாணவர் விடுதியை நடத்தியவருமான மருத்துவர் நடேசனாரின் பெயர் கிடைத்தது.

நூறு ஆண்டுகள் நெருங்கும் இவ்வேளையில் அப்பெயர்கள் என்ன ஆயின? 'பனகல் பார்க்' இன்றும் ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் நாவுகளில் ஒலிக்கிறது. பட்டுப்புடவை வாங்க வருவோரும் பேருந்தில் இறங்குவோரும் அதைச் சொல்கின்றனர். பூங்காவுக்குள் பனகல் அரசரின் சிலையும் நிற்கிறது. ஆனால் அவர் யார், அவர் பெயர் ஏன் இங்கே வந்தது என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலர். தியாகராயரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நகரின் பெயர் நீளமானதால் மக்கள் அதை 'டி. நகர்' என்று சுருக்கினர். ஒரு பெருந்தலைவரின் பெயர் ஓர் எழுத்துக்குள் ஒடுங்கிவிட்டது.

இதில் இரு பாடங்கள் உள்ளன. மக்கள் நாவுக்கு நீளமான பெயரை மக்களே வெட்டுவார்கள். வெட்டும்போது எந்தப் பகுதி எஞ்சும் என்பது பெயரிட்டவர் கையில் இல்லை. இரண்டாவது, பெயர் வழங்குவது வேறு, நினைவு வழங்குவது வேறு. முன்னது நிகழ்ந்தால் பின்னதும் தானே நிகழும் என்று நம்புவது பிழை.

பெயரும் இடமும் பொருந்திய சான்றுகள்

பெயரும் இடமும் இயல்பாகப் பொருந்திய பூங்காக்களும் உண்டு. கோயம்புத்தூரில் வ.உ.சி. பூங்கா உள்ளது. வ.உ.சிதம்பரனார் 1908இல் தண்டிக்கப்பட்டபின் கோவைச் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கே செக்கிழுக்க வைக்கப்பட்டார். அவர் பிறந்தது ஒட்டப்பிடாரம். கப்பல் ஓட்டியது தூத்துக்குடி. ஆயினும் அவர் துன்பப்பட்ட ஊர் கோவை. அந்த ஊர் தன் நடுவில் ஒரு பசுமையான இடத்துக்கு அவர் பெயரை இட்டது ஒருவகைக் கடன் தீர்ப்பு.

திருப்பூருக்குக் குமரனைவிட நெருங்கிய பெயர் வேறில்லை. 1904இல் சென்னிமலையில் பிறந்த குமாரசாமி, நெசவோடு தொடர்புடைய குடும்பத்தவர். 1932 சனவரியில் நடந்த ஊர்வலத்தில் கொடியை விடாமல் அடிபட்டு, சனவரி 11 அன்று உயிர்நீத்தார். அதன்பின் அவர் திருப்பூர்க் குமரன் ஆனார். ஊர் மனிதருக்குப் பெயர் தந்தது. மனிதர் ஊருக்குப் பெருமை தந்தார். குமரன் சாலையும் குமரன் நினைவகமும் திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டாதவை. காரணம் ஊரார் நெஞ்சில் இருப்பதால் அங்கே பெயர் தேயவில்லை.

சமணர்கள் அறிந்து மகிழத்தக்க மற்றொரு சான்று ஐதராபாத்தில் உள்ளது. நிசாம் மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்த ஒரு நிலப்பரப்பு, 1975இல், பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, 'மகாவீர் ஹரிண வனஸ்தலி' என்னும் பெயரில் மான்களின் காப்பகம் ஆயிற்று. 'ஹரிண' என்றால் மான். வேட்டையாடப்பட்ட கலைமான்கள் அங்கே காக்கப்படுகின்றன. அகிம்சையை உபதேசித்தவரின் பெயர், அகிம்சையே தொழிலாகக் கொண்ட ஓர் இடத்துக்கு வந்தது. சமயப் பெயர் என்று யாரும் அங்கே முரண்படவில்லை; பெயரின் பொருளை இடமே மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறது. அதன் அருகே எழுந்த புறநகரும் வனஸ்தலிபுரம் என்றே பெயர் பெற்றது.

புலவர் மரபுக்குப் பெயரிடும் வழக்கம் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. 2011இல் அடையாற்றுக் கழிமுகப் பகுதியைச் சீர்ப்படுத்தி அமைத்த பூங்காவுக்குத் தொல்காப்பியர் பெயர் கிடைத்தது. தொல்காப்பியரைச் சமணர் என்று வையாபுரிப்பிள்ளை முதலிய அறிஞர் கருதினர். ஆனால் அந்தப் பூங்காவின் பெயர் சமணப் பெயராக எவருக்கும் தோன்றவில்லை. தமிழரின் பெயராகவே தோன்றுகிறது. பொதுவிடத்துக்கு அப்படித்தான் தோன்ற வேண்டும்.

பூண்டியில் எழும் வினா

இனித் திருமுருகன்பூண்டிக்கு வருவோம். திருப்பூர்–அவிநாசி சாலையில், நல்லாற்றின் கரையில் அமைந்த ஊர் இது. கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று. சேரமான் தந்த செல்வத்தோடு வந்த சுந்தரரைச் சிவகணங்கள் வேடர் உருவில் வழிமறித்துப் பறித்தன என்றும், அவர் பாடியபின் பொருள் மீண்டது என்றும் தலவரலாறு கூறும். முருகன் வழிபட்டதால் முருகன்பூண்டி. அடுத்த ஊரான அவிநாசியின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். இறைவன் பெயர் ஊர்ப்பெயரை மூடிக்கொண்டது. பூண்டி என்னும் முடிவு தமிழ்ச் சமணருக்கும் அயலானதன்று. ஆரணிக்கு அருகே பொன்னெழில்நாதர் அருள்புரியும் பூண்டியை அறியாத குடும்பம் இல்லை.

பூண்டி என்றதும் தமிழகச் சிற்பிகளுக்கு நினைவுக்கு வருவது உளியோசை. சாலையின் இருபுறமும் சிற்பக் கூடங்கள். கருங்கல்லில் தெய்வ உருவங்களைச் செதுக்குவோர் தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றனர். அதே சாலையில் பனியன் நிறுவனங்களும் குடியிருப்புகளும் வளர்ந்தன. பேரூராட்சியாக இருந்த ஊர் 2021இல் நகராட்சியாக உயர்ந்தது. 2022இல் நகராட்சி மன்றத்துக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது.

இத்தகைய ஊர்களில் பூங்காவுக்கு நிலம் பெரும்பாலும் மனைப்பிரிவுகளிலிருந்து வருகிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழக விதி. 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டால் நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்ட இடமுண்டு. அதற்கு மேற்பட்டால் நிலமாகவே தர வேண்டும். அந்நிலம் தானப் பத்திரத்தின் வாயிலாக உள்ளாட்சிக்குச் சேர்கிறது. பல இடங்களில் அது முட்செடி மண்டிக் கிடக்கும், குப்பை கொட்டப்படும், சில வேளை ஆக்கிரமிக்கப்படும். பெயரும் வேலியும் பெற்ற நிலத்தைக் கவர்வது கடினம். 'ரிசர்வ் சைட்' என்று மட்டும் அழைக்கப்படும் நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது போல் தோன்றும். பெயரிடுதல் அழகுக்கான சடங்கு மட்டுமன்று. பொதுநிலத்தைப் பொதுநிலமாகக் காக்கும் முதற்செயல் அதுவே.

பின்னலாடைப் பகுதியில் 'பூங்கா' என்ற சொல்லுக்கே இருபொருள் உண்டு என்பதையும் எண்ண வேண்டும். நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா என்றால் அது மரஞ்செடிகளின் இடமன்று. ஏற்றுமதி ஆலைகளின் வளாகம். தொழிற்பூங்காக்கள் நிறைந்த நாட்டில், வேலை முடிந்து வருவோர் அமர்ந்து மூச்சுவிடும் பூங்காவுக்குத் தனித்த, மென்மையான ஒரு பெயர் தேவைப்படுகிறது. அங்கே அமர்வோரில் ஊர்க்குடிகள் மட்டும் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் தமிழில் முதலில் படிக்கும் பலகைகளுள் ஒன்றாகப் பூங்காவின் பெயர்ப்பலகை அமையக்கூடும்.

எந்தப் பெயர்?

பொதுவாக முன்வைக்கப்படும் பெயர்கள் நான்கு வகை. முதலாவது, மனைப்பிரிவின் பெயர். அது விற்பனைக்காக வைத்தது. மனைகள் விற்றபின் அதற்குப் பொருளில்லை. இரண்டாவது, செலவை ஏற்றவரின் பெயர். நன்றிக்குரியதே; ஆயினும் பூங்காவைப் பேணும் பொறுப்பு தலைமுறைதோறும் ஊராரிடம் இருக்கும்போது, ஒரு குடும்பத்தின் பெயர் பிறரை விருந்தினர் ஆக்கிவிடும். மூன்றாவது, குலப்பெயர் சார்ந்தது. தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டில் தெருக்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் சாதிப் பெயர்களை நீக்கப் பிறப்பித்த ஆணையோடு, அது காலத்துக்கு ஒவ்வாததென்பது தெளிவாகிவிட்டது. அவற்றுக்கு மாற்றாகப் பூக்களின் பெயர்களும் புலவர், அறிஞர் பெயர்களும் பரிந்துரைக்கப்பட்டன. நான்காவது, இவ்விரண்டும் சேர்ந்தது: நிலத்துக்குரிய மரம், பூ, ஆறு ஆகியவற்றின் பெயரோ, அந்நாட்டுக்குரிய அறிஞர் பெயரோ.

மரப்பெயர் திருப்பூர் வட்டாரத்துக்கு இயல்பானது. வேலம்பாளையம் வேலமரத்தையும், புளியம்பட்டி புளியமரத்தையும் பெயரில் தாங்கி நிற்கின்றன. அவ்வூர்களின் பெயர் இதுவரை யாருக்கும் பகையாகவில்லை. நல்லாற்றங்கரைப் பூங்காவுக்கு நல்லாற்றுச் சோலை என்று பெயரிட்டாலும் அது அழகே. நலிந்துவரும் ஆற்றை அப்பெயர் நாள்தோறும் நினைவூட்டும்.

அறிஞர் பெயரென்றால், கொங்குச் சமணம் தமிழுலகுக்குத் தந்தவர் இருவர் உளர். ஒருவர் பெருங்கதை பாடிய கொங்குவேளிர். இருப்புப்பாதையில் திருப்பூரை விட்டுக் கிழக்கே சென்றால் ஊத்துக்குளியை அடுத்து வரும் விசயமங்கலம் அவருக்குரிய ஊர். சந்திரப்பிரபர் கோயிலாகிய நெட்டைக் கோபுரம் அங்கே இன்றும் நிற்கிறது. சரவணபெளகுளத்தில் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புலியப்பை அங்கே நோன்பிருந்து உயிர்நீத்ததை ஒரு தூண் அறிவிக்கிறது. ஏட்டில் மறைந்திருந்த பெருங்கதையை உ.வே. சாமிநாதையர் 1924இல் அச்சிட்டதால் அது தமிழர் கைக்கு மீண்டது.

மற்றொருவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். அவருடைய ஊராகச் சொல்லப்படும் சனகாபுரம் சீனாபுரமே என்பது கொங்கு நாட்டு மரபு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளால் அவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் கற்பிக்கும் நூல். அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணாக்கர் எப்படிக் கற்க வேண்டும் என்பவற்றை வகுத்துரைக்கிறது. சைவ மடங்களிலும் திண்ணைப் பள்ளிகளிலும் பிற்காலக் கல்லூரிகளிலும் சமய வேறுபாடின்றி அதையே பாடமாக வைத்தனர். சைவப் புலவர்கள் அதற்கு உரை எழுதினர். ஒரு சமண முனிவரின் நூலைத் தமிழர் அனைவரும் தம் நூலாக ஏற்றுக்கொண்ட வரலாறு அது.

ஆகவே, புதிய பூங்காவுக்குப் பெயர் சொல்லுமாறு ஓர் ஊர் சமணரைக் கேட்குமானால், 'பவணந்தியார் பூங்கா' என்பது தகுந்த விடை. அது கொங்கு நாட்டுக்குரியது, எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது, நாவுக்கு எளியது, சுருக்கினாலும் 'பவணந்தி' எஞ்சும். முனிவர் குணவீரர் திருமலையில் செய்ததைப் போலவே, ஊருக்குப் பயன்படும் ஓரிடத்துக்கு ஓர் ஆசிரியரின் பெயர் வரும். சமணருக்கென்று தனி உரிமை கோராமலே சமணரின் நினைவு அதில் நிற்கும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பீகாரிக் குழந்தை ஊஞ்சலாடும் இடத்துக்குத் தமிழ் இலக்கண ஆசிரியரின் பெயர் இருப்பது பொருத்தமாகவும் இருக்கும்.

கல்லில் ஒரு காரணம்

ஆனால் பெயரோடு நின்றுவிடக் கூடாது என்பதே மேற்கூறிய வரலாறுகள் அனைத்தும் தரும் படிப்பினை. பனகல் பூங்காவில் பெயர் வாழ்கிறது, காரணம் மங்கிவிட்டது. ஐவர்மலையில் காரணம் மறந்ததால் பெயரே மாறிவிட்டது. சீனாபுரத்தில் பெயர் இருந்தும் பொருள் தெரியவில்லை. திருமலைக் கலிங்கின் பெயரோ இன்று உழவர் நாவில் இல்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அது நமக்குத் தெரிகிறது. குணவீர மாமுனிவர் பெயரை இட்டதோடு நில்லாமல், யார் கட்டியது, யார் பெயரால், யாருக்குப் பயன்பட என்பவற்றைப் பாறையில் எழுதிவைத்ததே அதற்குக் காரணம்.

வாயிற்பலகைகள் வெயிலில் வெளுக்கும். மறுமுறை வண்ணம் பூசும்போது எழுத்து மாறும். ஆட்சி மாறினால் பலகையே மாறும். கல் அவ்வளவு எளிதில் மாறாது. திருமுருகன்பூண்டியில் நல்ல கல்லுக்கும் பஞ்சமில்லை, நல்ல உளிக்கும் பஞ்சமில்லை. பூங்கா வாயிலில் மூன்றடி உயரக் கருங்கல் ஒன்றை நட்டு, இன்னார் பெயரால், இன்ன காரணத்தால் என்று நான்கு வரி வெட்டிவைக்க ஊர்ச் சிற்பி ஒருவருக்குச் சில நாள் வேலை. நிலம் தந்தவர் பெயரும் செலவு செய்தவர் பெயரும் புகழூரில் போல் அதன் கீழே சிறிய எழுத்தில் இடம்பெறலாம். அவர்கள் மனமும் நிறையும், மரபும் தவறாது.

எந்தக் கொடையிலும் பற்றின்மையே உயர்ந்தது என்பது அருகன் நெறி. கொடுத்தபின் அதன்மீது தன் பெயரை எழுதும் உரிமையையும் விட்டுக்கொடுப்பது அப்பற்றின்மையின் ஒரு படி. திருமலையில் ஒரு முனிவர் அப்படியை ஏறிக் காட்டினார். அவர் கட்டிய கலிங்கின் வழியே நீர் ஓடியது, நெல் விளைந்தது. ஆசிரியரின் பெயர் நின்றது. கொங்கு நாட்டில் இனி எழும் பூங்காக்களுக்குப் பெயர் சூட்டும் நாளில், அந்த அடிவாரப் பாறையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.